சிவப்பில் ஒரு முழுவட்டம்

எங்கள் கந்தோர் வரைபடங்களில் நீலம் என்றால் நாங்கள், சிவப்பு என்றால் அவர்கள். பச்சை என்றால் முட்கம்பி, கண்ணிவெடி மாதிரி வழியை மறிக்கிற சாமான்கள். மஞ்சள் என்றால் நஞ்சு பட்ட நிலம், கால் வைக்கக்கூடாது. மஞ்சளை என் உத்தியோக காலத்தில் இரண்டு மூன்று தரம்தான் தொட்டிருப்பேன். நீலத்தையும் சிவப்பையும் முப்பது வருஷமாகத் தொட்டு வருகிறேன்.

பிள்ளைகளே, கந்தளாய் மாமா ஏன் இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். அப்பாவைக் கேளுங்கோ என்று அம்மா சொன்னாளாம். நீங்கள் என்னைக் கேட்கவில்லை. வாயால் சொல்லத் தொடங்கினால் நான் பாதியில் எழும்பிப் போய்விடுவேன் என்று எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

சுதந்திரம் கிடைத்துச் சில வருஷங்களில் நான் அந்தக் கந்தோரில், திருக்கோணமலைப் படை அலுவலகத்தில், வரைபடம் பார்த்து வரைகிறவனாகச் சேர்ந்தேன். நாட்டின் கொடி மாறியிருந்தாலும் திருக்கோணமலைத் துறைமுகம் அப்போதும் வெள்ளைக்காரரின் கையில்தான் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தரம் பல தேசத்துக் கப்பல்கள் வந்து கொட்டியாரக் குடாவுக்கு வெளியே விளையாட்டுச் சண்டை பிடிக்கும். பெரிய மேசையில் வரைபடத்தை விரித்து, அதன் மேல் கண்ணாடித்தாள் ஒன்றைப் போட்டு, எந்தப் பக்கம் எங்கே நிற்கிறது என்று மெழுகுப் பென்சிலால் குறிப்போம். சண்டை முடிந்ததும் ஸ்பிரிட் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. கடல் பழையபடி வெறுங்கடலாகிவிடும்.

முதல் வருஷமே பிழை விட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் தொங்கிய உலகப் படத்தில் வெள்ளைக்காரனின் நாடெல்லாம் சிவப்பாக இருக்கும். அந்த நினைவில் அவர்களுடைய கப்பல்கள் எல்லாவற்றையும் சிவப்பில் போட்டுவிட்டேன். எனக்கு மூத்தவராக அங்கே வேலை செய்த முஸ்லிம் அண்ணன், கிண்ணியா நானா, வந்து மேசையைப் பார்த்தார்.

"தம்பி, துரையப் புடிச்சு எதிரியாக்கிப் போட்டீங்களே."

"பள்ளிக்கூடப் படத்தில வெள்ளைக்காரன்ர நாடெல்லாம் சிவப்புத்தானே, நானா?"

"அது அவன் புடிச்ச நாடு தம்பி. இது அவன் புடிக்கப் போற ஆள்."

அவர்தான் கோடுகளின் வித்தியாசத்தையும் சொன்னார். எதிரி இருப்பதை யாராவது கண்ணால் கண்டு சொன்னால் சிவப்பில் முழுக்கோடு. கேள்விப்பட்டது மட்டும் என்றால், இருக்கலாம் என்ற சந்தேகம் மட்டும் என்றால், துண்டு துண்டாக விட்டுப் போட்ட கோடு. நாங்கள் அதைத் துண்டுக்கோடு என்போம். துண்டுக்கோட்டைப் பார்க்கிற படைக்காரன் முதலில் கிட்டப் போய் யாரென்று பார்ப்பான். முழுக்கோட்டைப் பார்க்கிறவன் பார்க்கத் தேவையில்லை, தூரத்திலிருந்தே சுடலாம்.

எனக்குக் கை நல்ல கை. காம்பஸ் இல்லாமல், பேனையை எடுக்காமல், ஒரே சுற்றில் வட்டம் போடுவேன். தொடங்கின இடத்தில் போய் முடியும், எங்கே தொட்டது என்று கண்டுபிடிக்க ஏலாது. வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்தால் என்னைக் கூப்பிட்டு ஒரு வட்டம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

வெள்ளைக்காரர் கப்பலேறிப் போன பிறகு கந்தோர் எங்கள் நாட்டுப் படையின் கைக்கு வந்தது. நானாவும் ஓய்வு பெற்றுக் கிண்ணியாவுக்குப் போய்விட்டார். அவருடைய கதிரைக்கு வந்தவர்தான் உங்கள் கந்தளாய் மாமா. தெற்கிலிருந்து வந்து கந்தளாய்க் குடியேற்றத்தில் காணி எடுத்த சிங்களக் குடும்பம். எனக்கு ஐந்தாறு வயது இளையவன். தமிழைச் சந்தையில் பழகியிருந்தான். என்னை அவனும் அவனை நானும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவோம். இருவருக்கும் ஒரே மேசை, எதிரெதிர்க் கதிரை. நான் கோடு போடுவேன், அவன் இலக்கம் எழுதுவான். திங்கட்கிழமைகளில் ஒரு சட்டி எருமைத்தயிர் கொண்டுவருவான். அதில் பாதி நம் வீட்டுக்கு வரும்.

அவனுக்கு ஒரு தம்பி இருந்தான். சிங்களத்தில் தம்பியை மல்லி என்பார்கள். நம் வீட்டிலும் அவனுக்கு அதுதான் பெயர். பெரியவளுக்கு நினைவிருக்காது, அவளுக்கு மூன்று வயதில் நாங்கள் கந்தளாய்க்குப் போனோம். சந்தையடியில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். மல்லி வந்து காத்துக்கொண்டு நின்றான். பெரியவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு குளக்கட்டால் முன்னே நடந்தான். நான் பிள்ளை விழுந்துவிடுவாளோ என்று அவளையே பார்த்துக்கொண்டு பின்னால் போனேன். வாய்க்கால் ஒன்றைக் கடந்தோம். எந்தப் பக்கம் திரும்பினோம் என்று கவனிக்கவில்லை.

அங்கே அவர்களுக்குச் சொந்தமாக ஒரு செங்கல் சூளை இருந்தது. தமையனுக்குக் கல்வீடு கட்டவென்று மல்லி தானே மண் குழைத்துக் கல் அரிந்துகொண்டிருந்தான். காயப்போட்டிருந்த, இன்னும் சுடாத பச்சைக்கல்லில் பெரியவள் ஏறி மிதித்துவிட்டாள். அம்மா அவளை அடிக்கப் போனாள்.

"அடிக்க வேணாம் அக்கே. இந்தக் கல்லு வீட்டு வாசலுக்கு வைக்கிறது" என்றான் மல்லி.

சூளை நிழலில் இருந்துதான் அன்றைக்கு மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டோம். தாமரைக்கிழங்குக் கறியும் குளத்து மீனும். அவர்களின் தாயார் எனக்கு மூன்று தரம் சோறு போட்டார்.

சில வருஷங்களுக்குப் பிறகுதான் அது நடந்தது. தெற்கில் படித்த சிங்களப் பெடியன்கள் அரசாங்கத்தை எதிர்த்து எழும்பினார்கள். நாடெங்கும் ஊரடங்குச் சட்டம். வருஷப்பிறப்புக்கென்று முன்கூட்டியே லீவு எடுத்துப் போன என் சிநேகிதன், உங்கள் மாமா, கந்தளாயிலேயே மாட்டிக்கொண்டான். என்னை மட்டும் வீட்டிலிருந்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் கந்தோரில் வைத்தார்கள். எதிர்க்கதிரை வெறுமையாக இருந்தது. கோடும் நானே, இலக்கமும் நானே.

பொறுப்பாக இருந்த அதிகாரிக்கு வயது முப்பதுகூட இராது. மூன்று நாளாக நித்திரை இல்லை அவருக்கு. டெலிபோனில் வருகிற செய்தியைக் கேட்டு எனக்குத் திருப்பிச் சொல்வார், நான் குறிப்பேன். ஒரு நாள் காலையில் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. வரைபடத்து இலக்கம் ஒன்றைச் சொன்னார். பிறகு, "கட்டிடம் ஒன்று. புகை தெரிகிறதாம். ஆட்கள் இருக்கலாம். உறுதியில்லை" என்றார். இலக்கத்தைப் பார்த்துத் தேடினேன். வாய்க்காலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கறுப்புச் சதுரம். அதைச் சுற்றிச் சிவப்பு மெழுகுப் பென்சிலால் துண்டுக்கோட்டில் ஒரு வட்டம் போட்டேன்.

மத்தியானம் அந்தப் பக்கம் ஒரு ஜீப் புறப்பட இருந்தது. "கொண்டுபோக இரண்டு படி வேண்டும். ஒன்று அவர்களுக்கு, ஒன்று இங்கே வைக்க. மையில் போடு. சுறுக்காய்" என்றார் அதிகாரி.

கண்ணாடித்தாளில் எத்தனையோ பேரின் முழங்கை பட்டு மெழுகு தேய்ந்து கிடந்தது. அதன் மேல் ட்றேசிங் பேப்பரைப் போட்டு வீதியை எடுத்தேன், வாய்க்காலை எடுத்தேன். எங்கள் ஆட்கள் நிற்கிற இரண்டு இடத்தையும் நீலத்தில் போட்டேன். கடைசியாகச் சிவப்பு. பேனையைத் தொட்டு வைத்தேன், கை சுற்றிவிட்டது. ஒரே சுற்று. இரண்டாவது படியிலும் அப்படியே. நல்ல வட்டம். அதிகாரி பார்த்துவிட்டு, "வடிவான வேலை" என்றார். ஒரு படியைச் சுருட்டிக் கொண்டுபோனார்.

பேனையைக் கழுவும்போதுதான் திரும்பிக் கண்ணாடித்தாளைப் பார்த்தேன். தேய்ந்திருந்தாலும் இடைவெளிகள் தெரிந்தன. துண்டுக்கோடு.

எழும்பி அதிகாரியின் அறை வாசலுக்குப் போனேன். அவர் டெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு, பொறு என்று கையைக் காட்டினார். பொறுத்தேன். ஜன்னலால் முற்றத்தில் ஜீப் தெரிந்தது. ட்றைவர் சிகரட் பிடித்துக்கொண்டு நின்றான். முப்பது அடி இராது. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அண்ணே, அந்தச் சிவப்பு முழுக்கோடு இல்லை என்று ஒரு வசனம். ஆனால் கை காட்டினவர் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறார். அவரைத் தாண்டிப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார் என்று யோசித்தேன். வட்டத்தையே பிழையாகப் போட்டவன் என்று பெயர் வருமே என்றும் யோசித்தேன். எப்படியும் கிட்டப் போய்ப் பார்த்துவிட்டுத்தானே சுடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஜீப் போய்விட்டது. நான் திரும்பி வந்து இருந்தேன். அடுத்த செய்தி வந்தபோது இடம் வேண்டுமென்று கண்ணாடித்தாளைத் துடைத்தேன். துண்டுக்கோடு இருந்ததற்கு அது ஒன்றுதான் அத்தாட்சி.

இரண்டு கிழமைக்குப் பிறகு சிநேகிதன் வேலைக்கு வந்தான். வெள்ளைச் சேட்டு, வெள்ளைச் சாரம். முகம் மழிக்கவில்லை. கதிரையில் இருக்காமல் நின்றபடியே சொன்னான்.

"மல்லி செத்துட்டான், ஐசே."

என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மழை இருட்டிச்சு. பச்சைக்கல்லு எல்லாம் நனையப் போகுது எண்டு மூட ஓலைக்கிடுகு கொண்டு போனவன். ஊரடங்கு, போகாத எண்டு சொன்னன். கேக்கயில்ல. ரெண்டு நாள் அங்கயே இருந்தான். தேத்தண்ணி வைக்க நெருப்பு மூட்டியிருக்கான். வாய்க்காலுக்கு அங்கால நிண்டு சுட்டாங்க. கிட்ட வந்து பாக்கயில்ல."

"எந்த இடம்?"

"எந்த இடமோ? எங்கட சூளைதான். நீ வந்து சோறு தின்ன இடம்."

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. அவன் போய்ப் படங்கள் வைக்கிற பெரிய லாச்சியைத் திறந்தான். கந்தோரில் வைத்த இரண்டாவது படி மேலேயே கிடந்தது. அதை எடுத்து மேசையில் விரித்தான். ஒரு நிமிஷமும் தேடவில்லை. அந்தக் கறுப்புச் சதுரத்தில் விரலை வைத்தான்.

"இந்தா. சூளை."

பதினைந்து வருஷத்துக்கு மேலாக இந்த மாவட்டத்தை வரைந்தவன் நான். ஈச்சிலம்பற்றிலிருந்து கந்தளாய் வரை எந்த வாய்க்கால் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு போடுவேன். என் பிள்ளை மிதித்த கல் கிடந்த இடத்தை, நான் இருந்து சாப்பிட்ட இடத்தை, எனக்குப் படத்தில் தெரியாமல் போய்விட்டது. அது எனக்கு ஒரு இலக்கமாகத்தான் தெரிந்தது.

அவனுடைய விரல் சதுரத்திலிருந்து நகர்ந்து வட்டத்தின் மேல் மெல்லச் சுற்றி வந்தது.

"முழுக்கோடு" என்றான். பிறகு, "உன்ர கை."

நான் பேனையை எடுத்து வெறுமனே துடைத்தேன்.

"நீ சும்மா முழுக்கோடு போடமாட்டாய். ஆரோ கண்ணால கண்டு சொல்லியிருக்கோணும். அப்ப அவன் அந்த ஆக்களோட இருந்திருக்கான். கல்லுக்குக் கிடுகு எண்டது பொய். எங்களுக்குப் பொய் சொல்லிட்டுப் போயிருக்கான்."

அதுதான் நேரம். உறுதியில்லை என்றுதான் செய்தி வந்தது, என் கை பிழை விட்டது என்று சொல்ல எனக்கு அங்கே முழு நேரமும் இருந்தது. கந்தோரில் வேறு யாரும் இல்லை. நான் அவனுடைய விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் படத்தைச் சுருட்டி லாச்சியில் வைத்து மூடினான்.

"நீ என்ன செய்யிறது, ஐசே. உன்ர வேலை அது" என்று எனக்கு ஆறுதல் சொன்னான்.

மல்லிக்காகப் பிக்குமாருக்குச் சோறு கொடுக்கிற மூன்றாம் மாதத் தானத்துக்கு அயலில் இருந்து ஒருவரும் போகவில்லை. பயம். படைக்கு எதிராக நின்றவனுடைய வீடு என்று கதை பரவியிருந்தது. சொந்தத் தமையனே அதை நம்பிவிட்ட பிறகு மற்றவர்கள் நம்புவதற்கு என்ன? மல்லியின் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அலுமாரிக்குள் வைத்துவிட்டதாகச் சொன்னான். கல்வீடு அத்திவாரத்தோடு நின்றது.

அதற்குப் பிறகும் அவன் நம் வீட்டுக்கு வந்தான். உங்களுக்கு நினைவிருக்கும். சின்னவன் அவனுடைய தோளில் ஏறி மாமரத்தில் மாங்காய் பிடுங்குவான். திங்கட்கிழமைத் தயிரும் வந்தது. நான் அதைத் தொடவில்லை.

"ஏனப்பா இப்ப தயிர் சாப்பிடுறேல்லை?" என்று அம்மா கேட்டாள்.

"வயித்துக்கு ஒத்துக்கொள்ளேல்லை."

மூன்றாம் வருஷம் ஒரு நாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்காமலே சொன்னாள்.

"போய்ச் சொல்லுங்கோவன்."

"சொன்னா அவன்ர சிநேகிதம் போயிடும்."

"இப்ப இருக்கிறதுக்குப் பேர் என்ன?"

இன்றைக்குச் சொல்வேன், நாளைக்குச் சொல்வேன் என்று வருஷங்கள் போயின. பத்து வருஷம். போன வருஷம் ஒரு மத்தியானம் இருவரும் மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டிருந்தோம். அவன் தானாகவே தொடங்கினான்.

"அம்மாவுக்கு வயசு போயிட்டுது, ஐசே. நேத்துச் சொன்னன், மல்லிய நான் மன்னிச்சிட்டன் எண்டு. நீயும் மன்னிச்சிடு அம்மே எண்டு சொன்னன்."

"அம்மா என்ன சொன்னவ?"

"எழும்பிக் குசினிக்குள்ள போயிட்டா."

மல்லியிடம் மன்னிக்க என்ன இருந்தது? அந்தப் பார்சலை நான் அப்படியே மடித்து வைத்தேன். அடுத்த பௌர்ணமிப் போயா லீவு நாளில் கந்தளாய் பஸ் ஏறினேன்.

அவன் முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு சந்தோஷப்பட்டான். கதிரை எடுக்கப் போனவனை நிற்கச் சொன்னேன்.

"அண்டைக்கு வந்த செய்தி உறுதியில்லை எண்டுதான் வந்தது. முதலில துண்டுக்கோடுதான் போட்டனான். படியெடுக்கேக்க கை சுத்திப் போட்டுது."

"ஆர் சொல்லி?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. பழக்கத்தில போட்டனான்."

அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். "எப்ப தெரியும் உனக்கு?"

"ஜீப் போறதுக்கு முந்தியே கண்டிட்டன். போய்ச் சொல்லேல்லை."

"நான் லாச்சியத் திறந்து உன்னட்டக் காட்டேக்க?"

"தெரிஞ்சுகொண்டுதான் நிண்டனான்."

அவன் என்னை அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நல்லது. "அம்மாட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னான். "எனக்கு ஏலாது."

தாயார் பின் விறாந்தையில் பாயில் இருந்தார். முன்னே போய்க் குந்திக்கொண்டு, உத்தியோகச் சோதனைக்காகப் படித்த சிங்களத்தில் தட்டித் தடுமாறிச் சொன்னேன். மல்லி யாரோடு இருந்தான் என்று யாரும் காணவில்லை, யாரும் சொல்லவுமில்லை, அந்தக் கோடு நான் விட்ட பிழை என்று. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டார். பிறகு என்னை விட்டு மகனைப் பார்த்தார். எனக்குச் சொல்வது மாதிரி இல்லை, அவனுக்குச் சொன்னார்.

"கிடுகை எடுத்துக் கொடுத்து அனுப்பினது நான். அன்றைக்கும் அதைத்தானே சொன்னேன். பத்து வருஷமாக அதைத்தானே சொல்கிறேன்."

சிநேகிதன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் அழவில்லை. நான்தான் அழுதேன். அது அந்த வீட்டில் எனக்கு உரிமையில்லாத காரியம் என்று தெரிந்தும் அழுதேன்.

பஸ் நிற்கிற இடம் வரைக்கும் என்னோடு வந்தான். குளக்கட்டால் எனக்கு முன்னே நடந்தான். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் வாய் திறந்தான்.

"அம்மா சொன்னத நான் நம்பயில்ல, ஐசே. உன்ர கோட்ட நம்பினன்."

நான் அவனுடைய கையைப் பிடிக்கப் போனேன். அவன் எடுத்துக்கொண்டான்.

"இனி வராத. நானும் வரமாட்டன்."

அந்த மாதமே அவன் கந்தளாய்க்கு மாற்றம் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் செய்தது சரி. நீங்கள் அவனைப் பிழையாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அவனில் ஒரு பிழையும் இல்லை. மல்லியிலும் இல்லை.

நீங்கள் எப்போதாவது கந்தளாய்ப் பக்கம் போகும்போது பஸ்ஸில் அவனைக் கண்டால், எழும்பி இடம் கொடுங்கள். மாமா என்றே கூப்பிடுங்கள். அவன் கதைத்தால் கதையுங்கள். என்னைப் பற்றி அவனாகக் கேட்டால் ஒழிய ஒன்றும் சொல்லவேண்டாம்.